பென்ஸ் தரம் என்பது எந்த வருடத்துத் தரம்?

கேள்வி இதுதான்: பத்து லட்சத்துக்குள் பழைய பென்ஸ் இ-கிளாஸ் கிடைக்கிறது. "பென்ஸ் தலைமுறை தாண்டி உழைக்கும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். "பழைய பென்ஸ் பக்கமே போகாதீங்க" என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி? இந்த நிறுவனத்துக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் வேறு வேறு வண்டிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். பெரியவர்கள் மனதில் இருப்பது 1976 முதல் 1995 வரை வந்த கார்கள். மெக்கானிக்கின் கையைச் சுட்டது அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தவை. முகப்பில் இருக்கும் நட்சத்திரம் மாறவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் வண்டியைத் தீர்மானிக்கும் முறை நடுவில் மாறியது. எப்படி மாறியது என்பது தெரிந்துவிட்டால், எந்த வண்டியை வாங்கலாம், எதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடக்கத்தில் இது இரண்டு தனி நிறுவனங்கள். மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 954 சிசி, ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன் அளவிலான எஞ்சின். அதே ஆண்டு கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஒரு குதிரை வண்டியில் தங்கள் எஞ்சினைப் பொருத்தினார்கள். இரு தரப்பும் சேர்ந்து வேலை செய்ததே இல்லை. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனது பலரும் கேட்ட செய்தி. அந்தப் பயணம் ஒரு விளம்பரமாக மட்டும் முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார். சாலையில் தெரிந்த குறை பட்டறைக்கு வந்து சேர்ந்து, அடுத்த வண்டியில் திருத்தப்பட்டது. பிற்காலத்தில் இந்த நிறுவனம் பெயர் வாங்கியதும் இந்தப் பழக்கத்தால்தான். அது தளர்ந்தபோதுதான் பெயர் கெட்டது.

மெர்சிடிஸ் என்ற பெயர் டைம்லர் பக்கத்திலிருந்து வந்தது. பிரான்சின் நீஸ் நகரில் இருந்த எமில் யெல்லினெக் என்ற வணிகர் 1900-ல் ஒரே மூச்சில் 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். நிபந்தனைகளும் வைத்தார்: வண்டி நீளமாக, அகலமாக இருக்க வேண்டும், எடை தரையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும், பெயர் தன் மகள் மெர்சிடிஸின் பெயராக இருக்க வேண்டும். மைபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைத்திறன் கார் 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டது. குதிரை வண்டியின் சாயல் போய், இன்று நாம் கார் என்று சொல்லும் உருவம் வந்தது அதிலிருந்துதான். மூன்று முனை நட்சத்திரம் 1909-ல் பதிவானது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில் இரண்டு நிறுவனங்களும் 1926 ஜூனில் இணைந்து டைம்லர்-பென்ஸ் ஆயின.

அடுத்து வரும் காலத்தைத் தாண்டிப் போகக் கூடாது. நாஜி ஆட்சியில் தலைவர்களின் அணிவகுப்புக் கார் மெர்சிடிஸ் 770. போர்த் தளவாட உற்பத்தியிலும் நிறுவனம் முழுமூச்சாக இறங்கியது. 1944-ல் அங்கே வேலை செய்த 63,610 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கட்டாய உழைப்பாளிகள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். இது நிறுவனமே தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கும் கணக்கு. பென்ஸின் பெருமையைப் பேசுகிற எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

போருக்குப் பிறகு மெர்சிடிஸ் சேர்த்த பெயருக்கு முதல் காரணம் பாதுகாப்பு. பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுவரை கார் என்றால் உடம்பு முழுக்க ஒரே கெட்டியாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பயணிகள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் கெட்டியாக இருக்கட்டும். முன்னும் பின்னும் மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும் என்றார் பாரெனி. 1959-ல் வந்த டபிள்யூ111 (ஒவ்வொரு தலைமுறைக் காருக்கும் நிறுவனம் வைக்கும் உள் எண் இது) இந்தக் கருத்தில் கட்டப்பட்டது. இன்று சாலையில் ஓடும் எல்லாக் கார்களிலும் அது இருக்கிறது. 1978-ல் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அடுத்த சில ஆண்டுகளில் ஓட்டுநருக்கு ஏர்பேக், 1995-ல் இஎஸ்பி (வண்டி சறுக்கி நிலை தவறாமல் தடுப்பது) என்று எல்லாமே எஸ்-கிளாஸ் வரிசையில் முதலில் வந்து, பிறகு மற்றவர்களுக்குப் பரவின.

இரண்டாவது காரணம் உழைப்பு. இங்கேதான் டபிள்யூ123 வருகிறது. 1976-ல் தொடங்கி பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள். ஜெர்மனியிலிருந்து ஆப்பிரிக்கா, மேற்காசியா வரை டாக்சியாக ஓடியது. அதற்கு முந்தைய தலைமுறை 240டி டீசல் கார் ஒன்று, கிரேக்க நாட்டு டாக்சி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி 2004-ல் ஸ்டுட்கார்ட் மியூசியத்துக்கே போனது. எஞ்சின்களை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் அவ்வளவு தூரம் ஓடியது. ஆனால் உடலும் சேசிசும் தாங்கின.

ஏன் தாங்கின? 240டி-யில் இருந்த ஓஎம்616 எஞ்சினைப் பாருங்கள். 2.4 லிட்டர் கொள்ளளவிலிருந்து 65 குதிரைத்திறன், பிறகு 72. அவ்வளவுதான் பிழிந்தார்கள். டர்போ இல்லை. டைமிங் செயின் இரட்டை வரிசை. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது. வால்வ் இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்துகொண்டே வந்தால் ஹெட்டைத் திறக்காமல் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும், செய்யாமல் விட்டால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இந்த எஞ்சின் நமக்கு அந்நியமில்லை. பஜாஜ் டெம்போ உரிமம் பெற்றுச் செய்து டெம்போ டிராக்ஸிலும் டிராவலரிலும் பொருத்தியது இதே ஓஎம்616 வழி வந்த எஞ்சின்தான். கொடைக்கானல் மலையேறிய பல டிராக்ஸ்கள் பென்ஸ் எஞ்சினில்தான் ஏறின.

அந்தக் காரிலும் குறைகள் உண்டு. கதவுப் பூட்டு, எஞ்சினை அணைப்பது இரண்டுமே வேக்குவத்தில் (ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும். எங்காவது ரப்பர் குழாய் வெடித்தால் சாவியைத் திருப்பியும் எஞ்சின் அணையாது. பலர் எஞ்சினைச் சந்தேகிப்பார்கள். கோளாறு ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரமில் இருக்கும். துரு பேட்டரித் தட்டின் அடியில், ஜாக்கி போடும் இடத்தில், சக்கர வளைவில் தொடங்கும். ஆனால் எந்தக் குறையையும் கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்ய முடிந்தது.

1984 கடைசியில் வந்த டபிள்யூ124-ல் அந்த முறை உச்சத்துக்குப் போனது. பின் சக்கரங்களுக்குப் பல இணைப்புக் கைகள் கொண்ட சஸ்பென்ஷன், காற்றை எளிதாகக் கிழிக்கும் உடல், கண்ணாடியின் மூலைவரை எட்டித் துடைக்கும் ஒற்றை வைப்பர். 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்தியாவில் 1995-ல் டெல்கோவோடு (பின்னர் டாடா மோட்டார்ஸ் ஆன நிறுவனம்) கூட்டாகப் புனேயில் கட்டப்பட்ட முதல் பென்ஸ் கார் இதுதான். நம் ஊரில் "பென்ஸ்னா பென்ஸ்தான்" என்ற பேச்சுக்குப் பெரிய காரணம் இந்த 124.

அந்தக் காலத்து முறை எளிது: பொறியாளர் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்வார், செலவைக் கூட்டி, லாபத்தைச் சேர்த்து, அதுதான் விலை என்பார்கள். போட்டியில்லாதவரை இது நடந்தது. 1989-ல் அமெரிக்காவில் டொயோட்டா தன் லெக்சஸ் எல்எஸ்400-ஐ ஏறத்தாழ 35,000 டாலருக்கு இறக்கியது. சத்தமில்லாத வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், சுத்தமான வேலைப்பாடு, பென்ஸைவிட எவ்வளவோ குறைந்த விலை. 1991-ல் மெர்சிடிஸின் பதில் டபிள்யூ140 எஸ்-கிளாஸ். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், தானாக இழுத்து மூடும் கதவு, ரிவர்ஸ் எடுக்கும்போது பின் மூலைகளில் எழும்பி நிற்கும் வழிகாட்டிக் கம்பிகள். பொறியியலில் மலை. ஆனால் தாமதமாக வந்தது, செலவு எகிறியது, எடையும் பருமனும் விமர்சனத்துக்கு ஆளாயின. 1993-ல் பொறுப்புக்கு வந்த ஹெல்முட் வெர்னர் காலத்தில் கணக்கு தலைகீழானது. சந்தை என்ன விலை தரும் என்பது முதலில். அதற்குள் அடங்க ஒவ்வொரு பாகமும் என்ன செலவில் வர வேண்டும் என்பது பிறகு. அப்படிச் செய்யாவிட்டால் நிறுவனமே பிழைத்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதில் தவறினார்கள்.

முதல் அடையாளம் 1992 முதல் 1995 வரை வந்த பெட்ரோல் எஞ்சின்களின் வயரிங். சுற்றுச்சூழலில் மக்கிப்போகும்படியான உறையோடு அந்த வயர்களைச் செய்தார்கள். எஞ்சின் சூட்டில் அந்த உறை காரிலேயே மக்கத் தொடங்கியது. தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். வயர்கள் ஒன்றோடொன்று உரசினால் எஞ்சின் நடுங்கும், பிறகு கம்ப்யூட்டர் எரியும். புனேயில் கட்டிய 124-ல் பெட்ரோல் இ220 பார்க்கிறவர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும்: இன்ஜெக்டர் பிளக்குக்குப் பக்கத்தில் ரப்பர் உறையைச் சற்றே விலக்கி வயரை மெல்ல வளையுங்கள். தூளாகக் கொட்டினால் முழு வயர்க் கட்டையும் (ஹார்னஸ்) மாற்ற வேண்டும்; த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வயரும் அதோடு சேர்த்தி.

அடுத்தது டபிள்யூ210, நான்கு வட்ட விளக்குகளோடு 1995-ல் வந்த இ-கிளாஸ். ஓட்ட நல்ல கார். ஆனால் பென்ஸ் பெயரைத் துரு தின்றது இதில்தான். கதவின் கீழ் விளிம்பு, டிக்கி பூட்டைச் சுற்றி, சக்கர வளைவு எல்லாம் கொப்பளிக்கும். அதெல்லாம் அழகுக் குறை. உயிருக்கு ஆபத்தானது முன் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். உள் விங்கில் ஸ்பாட் வெல்டிங் வைத்து மேலே சீலர் பூசியிருக்கும். சீலருக்குப் பின்னால் ஈரம் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அரித்து, ஒரு நாள் கிண்ணம் பிய்ந்து அந்த மூலை தரைக்கு இறங்கிவிடும். டார்ச் அடித்து சக்கர வளைவுக்குள் பாருங்கள். சீலர் எழும்பியிருந்தால், அதைச் சுற்றிப் பழுப்புக் கோடு இருந்தால், வண்டியை நகர்த்தாமல் விட்டுவிடுவது நல்லது.

தரம் கெட்டதற்கு 1998-ல் கிரைஸ்லரோடு இணைந்ததே காரணம் என்று பலர் சொல்வார்கள். தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. டபிள்யூ210 வந்தது 1995-ல். ஏ-கிளாஸ் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையின் சோதனையில் கவிழ்ந்தது 1997 அக்டோபரில். கிரைஸ்லர் வருவதற்கு முன்பே வேர் தளர்ந்திருந்தது. இணைப்பு செய்த கேடு வேறு: தலைமையின் கவனத்தையும் பணத்தையும் ஒன்பது ஆண்டுகள் அங்கே இழுத்துக்கொண்டு போனது. 2007-ல் கிரைஸ்லரின் 80.1 சதவீதத்தை விற்றுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். ஏ-கிளாஸ் கவிழ்ந்ததில் ஒரு நன்மையும் விளைந்தது. விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, அந்தச் சிறிய காரிலேயே இஎஸ்பி-யை எல்லா வண்டிக்கும் கொடுத்தார்கள். விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இஎஸ்பி கீழே இறங்க அது பெரிய உந்துதல்.

2002-ல் வந்த டபிள்யூ211 இ-கிளாஸ்தான் உங்கள் பட்ஜெட்டில் அதிகம் கண்ணில் படும் வண்டி. இதில் எஸ்பிசி என்ற மின் பிரேக். பெடலை மிதித்தால் கம்ப்யூட்டர் அதைப் படித்து, முன்பே அழுத்தி வைத்த எண்ணெயைச் சக்கரங்களுக்கு அனுப்பும். பிரேக் பிடிப்பு அபாரம். ஆனால் பம்ப் யூனிட் ஒவ்வொரு மிதிப்பையும் எண்ணிக்கொண்டே வரும். குறித்த எண்ணிக்கை தாண்டியதும், நன்றாக வேலை செய்தாலும், பணிமனைக்குப் போ என்று சிவப்பில் காட்டும். அமைப்பு முழுதாகச் செயலிழந்தால் முன் சக்கரங்களில் மட்டும், மிகக் கடினமான பெடலோடு, பிரேக் இருக்கும். 2004 மே மாதம் 6,80,000 கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். 2005 மார்ச்சில் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர், பேட்டரிக் கட்டுப்பாடு, எஸ்பிசி எல்லாவற்றுக்கும் சேர்த்து 13 லட்சம் கார்கள். 2006 நடுவில் முகம் மாறிய 211-லிருந்து எஸ்பிசி-யையே எடுத்துவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பினார்கள். ஆகவே 211 வாங்கினால் 2006 மாற்றத்துக்குப் பிந்தையது மட்டும். முந்தைய வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிரேக் பேட் மாற்றும் முன் பணிமனையின் கம்ப்யூட்டர் சோதனைக் கருவியால் எஸ்பிசி-யைச் செயலிழக்கச் செய்தே ஆக வேண்டும். கதவைத் திறந்தாலே பம்ப் தானாக அழுத்தம் ஏற்றும். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் இருக்கும் விரல் நசுங்கும்.

2006-க்குப் பின் டீட்டர் செட்சே தலைமையில் துரு குறைந்தது, மின் கோளாறுகள் குறைந்தன. 2007-ன் டபிள்யூ204 சி-கிளாஸும் 2009-ன் டபிள்யூ212 இ-கிளாஸும் நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தன. முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. டீசல் புகை விவகாரத்தில் 2020-ல் அமெரிக்க அரசுத் தரப்புக்கு மட்டும் 150 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். 2021 இறுதியில் லாரித் தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்துபோனது. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்யும் ஆலை இப்போது அந்த டைம்லர் டிரக் கீழ் இருக்கிறது. கார் நிறுவனத்துக்குக் கீழ் இல்லை.

இனி வாங்கும் விஷயம்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். டபிள்யூடிபி அல்லது டபிள்யூடிடி என்று தொடங்கினால் அடுத்த மூன்று இலக்கம் தலைமுறை: 124, 210, 211, 212. விற்பவர் "இ-கிளாஸ்" என்று மட்டும் சொல்வார். அந்த மூன்று இலக்கம்தான் அது எந்தக் காலத்து வண்டி என்று சொல்லும். அடுத்து எஞ்சின் எண். பெட்ரோல் வி6 (எம்272) என்றால் இது கட்டாயம். 2004-ல் வந்த இந்த எஞ்சினின் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. பல் தேய்ந்து, கேம் நேரம் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) விலகி, எஞ்சின் விளக்கு எரியும். 1200, 1208 என்ற கோடுகள் (கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்கள்) அதன் அடையாளம். பல்சக்கரத்தின் விலை சொற்பம், ஆனால் எஞ்சினை முழுதாக இறக்காமல் மாற்ற முடியாது. எஞ்சின் எண்ணின் கடைசி ஆறு இலக்கம் 468993-க்குள் இருந்தால் பழைய பல்சக்கரம். மாற்றியதற்குப் பில் இருந்தால் தொடருங்கள். பில் இல்லாவிட்டால் வேறு வண்டி பாருங்கள். வி8 (எம்273) எஞ்சினிலும் இதே கதை, வேறு பல்சக்கரத்தில்.

நான்கு சிலிண்டர் கம்ப்ரசர் பெட்ரோல் (எம்271) வண்டிகளில் டைமிங் செயின் ஒற்றை வரிசை. நீண்டு, கேம் பல்சக்கரங்களைத் தின்னும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு விநாடிக்கு மேல் கடகடவென்று சத்தம் நீடித்தால் செயின் வேலை காத்திருக்கிறது. விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கேம் மேக்னெட் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் அது வயருக்குள் ஊர்ந்து எஞ்சின் கம்ப்யூட்டர் வரை போகும். மேக்னெட்டை மாற்றி, நடுவில் ஒரு சிறு துண்டு வயர் போட்டால் எண்ணெய் அதோடு நின்றுவிடும்.

டீசலில் பார்க்க வேண்டியது வேறு. இ220 சிடிஐ (ஓஎம்646) வண்டியில் இன்ஜெக்டர் அடியில் ஒரு செம்பு வாஷர். அது கசிந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு வெளியேறி, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல கறுப்பாகக் கெட்டிப்படும். ஐடிலில் "சுப் சுப்" என்ற சத்தமும், உள்ளே டீசல் புகை வாசமும் வரும். ஆரம்பத்தில் பிடித்தால் சிறு வேலை: இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சீர்செய்து, புது வாஷர், புது போல்ட். போல்ட் இழுபட்டு நீளும் வகை, பழையதைத் திரும்பப் போடக் கூடாது. பலர் அந்த ஒரு போல்டில் மிச்சம் பிடிக்கப் போய், ஹெட்டில் மரை போய்ப் பெரிய செலவில் முடிகிறது.

வி6 டீசல் (ஓஎம்642), அதாவது இ280 சிடிஐ, இ350 சிடிஐ, நெடுஞ்சாலைக்கு அருமையான எஞ்சின். அதன் ஆயில் கூலர் எஞ்சினின் நடுப் பள்ளத்தில், டர்போவுக்கு அடியில் இருக்கிறது. அதன் சீல்கள் சுருங்கி, எண்ணெய் பின்புறமாக வழிந்து கியர்பாக்ஸ் மூடியில் சொட்டும். அதைக் கிராங்கின் பின்புறச் சீல் கசிவு என்று தவறாக எடுத்து கியர்பாக்ஸை இறக்குகிறவர்கள் உண்டு. முதலில் நடுப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறப் பழைய சீலுக்குப் பதில் ஊதா நிறப் புது சீல் போட வேண்டும். சீல் விலை குறைவு. மேலே இருப்பதையெல்லாம் கழற்றுவதால் கூலிதான் அதிகம். டர்போவுக்குள் போகும் குழாயின் ரப்பர் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அங்கே ஒழுகும் எண்ணெய் கீழே இருக்கும் சிறு மோட்டாரைக் கெடுக்கும்.

212-ன் இ250 சிடிஐ (ஓஎம்651) எடுத்தால், ஆரம்ப ஆண்டுகளின் டெல்ஃபி பீசோ இன்ஜெக்டர்கள் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. சத்தம் கேட்டால் செலவு பெரிது. தண்ணீர் பம்ப் கசிவும் சாதாரணம். 204-லும் 212-லும் ஸ்டியரிங் பூட்டு மோட்டார் திடீரென்று செத்துப்போகும். சாவி போட்டால் டேஷ்போர்டு உயிர் பெறாது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னறிவிப்பு உண்டு: சாவியை நுழைத்ததும் வரும் "சர்ர்" சத்தம் இழுவையாக, தயங்கித் தயங்கி வரும். அந்தக் கட்டத்திலேயே மாற்றினால் வேலை எளிது; பூட்டிய நிலையில் செத்தால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை. 722.6 ஐந்து கியர் பெட்டிக்கு "ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்" என்று நிறுவனமே முதலில் சொன்னது, பிறகு மாற்றிக்கொண்டது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். அடித் தட்டை மட்டும் கழற்றினால் பாதிதான் வெளியே வரும். கன்வர்ட்டரில் வடிகால் பிளக் இருக்கும் வண்டியில் அதையும் வடித்தால் ஏழெட்டு லிட்டர் போகும். பக்கத்தில் இருக்கும் 13 முனை பிளக்கின் ஓ-ரிங்குகள் கெட்டால், எண்ணெய் வயர் வழியாக மேலே ஏறி கியர் கம்ப்யூட்டருக்குள் புகும். வண்டி இரண்டாவது கியரிலேயே நின்றுவிடும். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிளக்கையும் மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் சில வண்டிகளில் இருந்த வாலியோ ரேடியேட்டருக்குள் கூலன்ட்டும் கியர் எண்ணெயும் கலந்துவிடும். 60–80 கி.மீ. வேகத்தில், லேசான ஆக்ஸிலரேட்டரில், கட்டாந்தரையில் ஓடுவது போல் நடுங்கினால் அதைச் சந்தேகியுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை இரவு நிறுத்திக் காலையில் பாருங்கள். ஒரு மூலை படுத்திருந்தால் காற்றுப் பை கசிகிறது. அதை அப்படியே ஓட்டினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி எரியும். கம்ப்ரசர் மாற்றும்போது ரிலேயையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதிதும் போகும்.

சென்னையில் வண்டி பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய உயர்விலைக் கார்கள் பல ஏலத்தில் விற்று, கழுவி, மறுபடி சந்தைக்கு வந்தன. அதற்குப் பிந்தைய மழைகளிலும் அப்படித்தான். பென்ஸில் மின் யூனிட்டுகளும் வயர் இணைப்புகளும் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் தாழ்வாக இருப்பதால், மூழ்கிய வண்டி பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டை முழு நீளம் இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு இருக்கிறதா? சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு? ஸ்டெப்னிக் குழியின் மூலையில் வண்டல்? ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

பிறகு, முழு ஸ்டார் டயக்னோசிஸ் (பென்ஸின் சொந்தச் சோதனைக் கருவி) சோதனைக்கு எடுத்துப் போங்கள். சாதாரண ஓபிடி கருவி எஞ்சினை மட்டும் படிக்கும். வண்டியில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களைப் படிக்காது. அழித்து வைத்த கோடுகள் திரும்ப வர வேண்டும் என்பதால், சோதனைக்கு முன் குறைந்தது முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பின் மெக்கானிக் சொன்னது உண்மையாவது பெரும்பாலும் எண்ணெயிலும் தண்ணீரிலும்தான். எஞ்சின் ஆயில் டப்பாவில் எம்பி (மெர்சிடிஸ்-பென்ஸ்) 229.5 அனுமதி இருக்க வேண்டும். புகை வடிகட்டி உள்ள டீசலுக்கு 229.51. பாகுநிலை எண்ணை மட்டும் பார்த்து மலிவானதை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஓஎம்646, ஓஎம்651 எஞ்சின்களுக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர், எம்272-க்கு எட்டு, ஓஎம்642-க்கு எட்டரைக்கு மேல். நாலு லிட்டர் கேனோடு வருகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். கூலன்ட் எம்பி 325.0, சரிபாதி காய்ச்சி வடித்த நீர். போர்வெல் தண்ணீர் ஊற்றிய அலுமினிய எஞ்சினில் உப்பு படிந்து தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் முன்கூட்டியே போகும்.

பணம் விஷயத்தில், வாங்கும் விலையில் கால் பங்கையாவது முதல் வருடச் செலவுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். விலை பத்து லட்சத்துக்கு இறங்கியிருக்கலாம். பாகங்களின் விலை அது ஐம்பது லட்சத்துக் காராகப் பிறந்த காலத்தில்தான் நிற்கிறது. யானையைக் கட்டித் தீனி போடத் தயாராக இருப்பவருக்குத்தான் இந்த வண்டி.

உங்கள் பட்ஜெட்டில் என் வரிசை இது: சர்வீஸ் பில்கள் முழுதாக உள்ள 212 டீசல் கிடைத்தால் அது முதலில். இல்லையென்றால் 2006 மாற்றத்துக்குப் பிந்தைய 211, இ220 அல்லது இ280 சிடிஐ. எம்272 பெட்ரோல், எண் சரியாக இருந்தால் மட்டும். 210 வேண்டாம். 124 ஆசை இருந்தால், அன்றாட ஓட்டத்துக்கு வேறு வண்டி வைத்துக்கொண்டு, இ250 டீசலைத் தேடுங்கள்.